செய்யப் போறது யாரு?

கோயிலில் அர்ச்சனைச் சீட்டை நீட்டும்போது குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்பார். வீட்டுக்காரர், பிள்ளைகள், கொழுந்தன் என்று எல்லார் பேரையும் சொல்லி முடித்த பிறகும் எனக்கு ஒரு ஆள் மிச்சம் இருப்பார். அவர் பேர் எனக்குத் தெரியாது. நட்சத்திரம் எங்கே தெரியப் போகிறது? "சாமி பேருக்கே ஒண்ணு சேத்துச் செஞ்சிருங்க சாமி" என்று சொல்லிவிடுவேன். அது யாருக்கு என்று குருக்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால், காரைக்குடி கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் டைப்படித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு என்று சொல்லியிருப்பேன். அவர் எனக்கு நல்லது செய்தாரா, என் தலையில் ஒரு பாரத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் போனாரா என்பது இன்றைக்கும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் ஒரு அர்ச்சனை செய்துவிடுவது நல்லது என்று தோன்றும்.

அவர் கடைக்கும் பேர் கிடையாது. டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று ஒரு பலகை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. தாள் பறக்காமல் இருக்க உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றை மேலே வைத்திருப்பார். அதில் ஒரு பச்சைப் பூவில் பாதி மட்டும் இருக்கும். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கலாம். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜைமேல் அதைத் தேடுவார். நெற்றியில் இருக்கிறது என்று நாம் சொன்னாலும், ஆமாமா என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் தேடுவார்.

பேசும்போது ஆள் முகத்தைப் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். முதல் நாள் எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்து, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, எல்லாரையும் அப்படித்தான் பார்க்கிறார் என்று.

அவரிடம் போகாதே என்று எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அடுத்த வீட்டு அக்கா அமெரிக்காவில் இருக்கிற மகள் பிரசவத்துக்குப் போனபோது, ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். ஊரில் எல்லாரும் எழுதிக் கொடுப்பதுதான். அவர் அடிக்கிறதை நிறுத்திவிட்டு, கைப்பிள்ளையை விட்டுவிட்டு வரப் போவது யார் என்று கேட்டிருக்கிறார். நான்தான் என்று அக்கா சொல்லியிருக்கிறது. பிள்ளை அழுதால்? அப்பவும் நான்தான். மகள் அழுதால்? அந்த இடத்தில் அக்கா கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டதாம்.

"தாள அடிக்கச் சொன்னா மனுசன் நம்மளையில்ல அடிக்கிறாரு," என்று அக்கா சொல்லும். ஆனால் ஆறு மாதம் கெடு இருந்தும் ஐந்தாம் மாதமே திரும்பிவிட்டது. பேரனைத் தூக்கும்போதெல்லாம் அந்த ஆள் என் கையைப் பார்க்கிற மாதிரியே இருந்தது என்று காரணம் சொன்னது.

எங்களுக்கு அந்தக் கடைக்குப் போக வேண்டி வந்தது என் கொழுந்தனால். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். என் மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவன் முதன்முதலில் என்னிடம் பேசியது, "மதினி, சோறு இருக்கா?" என்றுதான். ஏசி மெக்கானிக் வேலை படித்து மஸ்கட் போய் ஆறு வருஷம் நன்றாக இருந்தான். ஒரு நாள் வேலை செய்துகொண்டிருந்தவன் பாதியில் ஏணியை விட்டு இறங்கி, ஏசி குழாய்க்குள் யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று சொல்லி ரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டானாம். கம்பெனியில் இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு மாதத்தில் கொஞ்சம் தெளிந்துவிட்டான். போனில் என்னிடம், என்ன குழம்பு என்று கேட்டான். நான் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் என்ன குழம்பு என்று கேட்டான்.

அவனை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவர் உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இங்கே நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு, சென்னையில் அரசாங்க முத்திரை வாங்கி, அசல் அங்கே போய்ச் சேர வேண்டும். அதுவரை அவன் அந்த வார்டில்தான் இருக்க வேண்டும். மாதிரிக் கடிதத்தை இங்கிலீஷில் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் புதுவயலில் ரைஸ்மில்லில் எடைமேடை பார்க்கிறவர். மில் கணக்குப்பிள்ளையிடம் காட்டி அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்தார். இது சட்டப்படி நம்மைக் கட்டுப்படுத்தும் கடிதமாம். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். அந்த வார்த்தையைக் கேட்டதும், யார் வந்து எதைக் கொண்டு கட்டுவார்கள் என்று கேட்டேன். இவர், அதெல்லாம் ஒண்ணுமில்லை, கையெழுத்தும் சீலும்தான் என்றார். கோர்ட் சந்தில் இங்கிலீஷ் கடிதம் தப்பில்லாமல் அடிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்று கணக்குப்பிள்ளையும் சொன்னதால் அங்கேயே போனோம்.

நாங்கள் போனபோது கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள், அண்ணன் தம்பி. வெளிநாட்டில் இருக்கிற மூன்றாவது தம்பிக்கு, பூர்விக வீட்டை நாங்கள் பழுதில்லாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று இவர்கள் உறுதிமொழி எழுதி அனுப்ப வேண்டுமாம். டைப்படிக்கிறவர் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே வந்து, மழைக்கு முந்தி முற்றத்தில் தண்ணீர் போகிற துவாரத்தில் சருகு அள்ளுவது யார் என்று கேட்டார். பெரியவர், அதுக்கு ஆளு இருக்கு என்றார். ஆளுக்குப் பேர் என்ன என்று டைப்படிக்கிறவர் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் என்றார் சின்னவர்.

"வாட்ச்மேன்னு பேரு வச்சிருக்க மாட்டாகல்ல அவுக வீட்டுல," என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

காரைக்குடியில் டைப்படிக்க வேறு ஆளே இல்லையா என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். டைப்படிக்கிறவர் கோபப்படவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அடித்த வரைக்கும் அழித்துவிட்டு எங்களைப் பார்த்து, அதாவது எங்கள் கைகளைப் பார்த்து, வாங்க என்றார். பிறகு ஒரு நாள் நான் அங்கே போனபோது, கை முழுக்கக் காய்ப்புக் காய்த்த ஒரு மனிதர் அதே நாற்காலியில் உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் அந்த அண்ணனும் தம்பியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

எங்கள் கடிதத்தை அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் அதே கேள்வியைக் கேட்டார். விமான நிலையத்தில் போய்க் கூட்டி வருவது யார்? நான்தான் என்றார் என் வீட்டுக்காரர். வீட்டில் தனியாக ஒரு அறை கொடுப்பது? நான்தான். காலை, மதியம், ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுப்பது? இவர் கொஞ்சம் நிறுத்தி, காலை ஆறு மணிக்கெல்லாம் மில்லுக்குப் போய்விடுவேன், வீட்டில் கொடுப்பார்கள் என்றார். மாதம் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப் போவது? அதுவும் வீட்டில்தான். தனியாக விடாமல் கூடவே இருப்பது? வீட்டில்.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். அடித்திருந்த என் வீட்டுக்காரர் பேரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஆத்தா, உங்க பேரென்ன?"

எனக்குச் சட்டென்று என் பேர் வரவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ரத்தச் சொந்தம் நான் இருக்கும்போது இவள் கையெழுத்து எதற்கு, பொம்பளை கையெழுத்து அங்கே செல்லுமா என்று கேட்டார்.

"மாத்திரைய அவுக குடுத்தா செல்லும்ல? அப்ப கையெழுத்தும் செல்லும்."

கூட்டி வருவதும் அறை கொடுப்பதும் அண்ணன் பேரில் ஒரு பத்தி. மற்றதெல்லாம் என் பேரில் ஒரு பத்தி. கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தான் அடிப்பேன் என்றார். பிள்ளைகள் ரேங்க் கார்டில் தவிர நான் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. அதில்கூட அவசரத்துக்கு இவர் பேரையே எழுதிவிடுவேன். இப்போது மஸ்கட்டில் இருக்கிற யாரோ என் பேரைப் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது, வெளியே சொல்லக் கூடாத ஒரு சந்தோஷமாகவும் இருந்தது. அது சரியா தப்பா என்று தெரியவில்லை.

அதோடு விட்டாரா, இல்லை. தனியாக விட மாட்டேன் என்ற வரியில் வந்து நின்றுகொண்டார். வெளியூர் போவதே இல்லையா என்றார். எங்கே போகிறேன், தையில் பழனிக்கு நடப்பேன், அவ்வளவுதான் என்றேன். பதினொரு வருஷமாக நடக்கிறேன். மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்து பிழைத்தபோது, கால் நடக்கிற வரைக்கும் நடந்து வருகிறேன் என்று முருகனிடம் சொன்னது. போவதற்கு எத்தனை நாள் என்று கேட்டார். ஒரு வாரம் என்றேன். அந்த ஒரு வாரம் வீட்டுக்காரர் லீவு போடுவாரா? அறுப்பு நேரம், தையில் மில்லில் மூச்சு விட முடியாது. அப்படியானால் பொறுப்பான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவோம் என்று எழுதுங்கள் என்றார் இவர்.

"எழுதலாமே. அந்த ஆளு பேரு?"

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அந்த அண்ணன் தம்பி பார்த்துக்கொண்ட மாதிரியே.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் கேட்பது ஒரு தாள், அதில் எதற்கு முருகனை இழுக்கிறீர்கள் என்று கேட்டார். "நான் இழுக்கலைங்க. அவுகதான் கூட்டிட்டு வந்தாக," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "நடக்குறத நிறுத்துங்கன்னு நான் சொல்லல ஆத்தா. செய்ய முடியாதத அடிக்கச் சொல்லாதீக. போயி யோசிச்சிட்டு வாங்க," என்றார்.

 பஸ்ஸில் புதுவயல் வந்து இறங்கும்போது இவர், என் தம்பியை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, அந்த டைப்படிக்கிறவரைக் கேட்டாரா, தெரியவில்லை. 

மறுநாள் குன்றக்குடி முருகன் கோயிலுக்குப் போனேன். யாருக்குக் கொடுத்த வாக்கோ அவரிடமே கேட்டுவிடலாம் என்று எண்ணம். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் வாங்கி இலையில் தனித்தனியாக மடித்து, இரண்டு பொட்டலத்தையும் சந்நிதியில் வைத்துக் கும்பிட்டேன். வெள்ளை வந்தால் கையெழுத்துப் போடுவது, சிவப்பு வந்தால் வேறு வழி பார்ப்பது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் சின்னப் பேத்தியை, ஒன்றை எடுத்துக் கொடு கண்ணு என்று அனுப்பியது. அந்தப் பிள்ளை இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டும் சரி என்கிறாரா, இரண்டும் வேண்டாம் என்கிறாரா என்று குழம்பிப்போய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. முருகனுக்கு என்னைத் தெரியும். பதினொரு வருஷமாகத் தெரியும். மஸ்கட்டில் இருக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. தெரியாதவர்களுக்குத்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தெரிந்தவரிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம். இது சரியான நினைப்பா, எனக்குத் தோதாக நானே நினைத்துக்கொண்டதா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. இறங்கி நேரே அந்தக் கடைக்குப் போய், தையில் நான் நடக்கவில்லை, அடித்துவிடுங்கள் அண்ணே என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு அடித்தார்.

அடுத்த நாள் இரண்டு பேரும் போய், எதிரில் இருந்த நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டோம். சீல் விழுந்தது. அசல் பின்னால் வரும், இப்போதைக்கு இது போகட்டும் என்று டைப்படிக்கிறவரே அதைப் படம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு மெயிலில் அனுப்பினார். அசலை மறுநாள் சென்னைக்கு அனுப்ப வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். கடிதத்தைச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டபோது அது மொட்டையாகத் தெரிந்தது. மளிகைச் சீட்டு எழுதினால்கூட மேலே பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதுவேன். ஒரு உயிரை வரவழைக்கிற கடிதத்தில் அது இல்லாமல் எப்படி அனுப்புவது? பேனாவை எடுத்து, மேலே நடுவில் சின்னதாக ஒரு சுழி போட்டேன். போட்டதும் மனசு நிறைந்துவிட்டது. இவரிடம்கூடச் சொல்லவில்லை. சென்னையில் முத்திரை வாங்கிக் கடிதம் கூரியரில் போனது.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. மெயிலில் வந்த படத்தில் இல்லாத ஒரு அடையாளம் அசலில் பேனாவால் போடப்பட்டிருக்கிறது, சீல் விழுந்த பிறகு கடிதத்தில் கை வைத்திருக்கிறார்கள், ஆகவே இதை ஏற்க முடியாது, புதிதாக அனுப்பவும். இவர் அந்த டைப்படிக்கிறவர்தான் ஏதோ செய்துவிட்டார் என்று குதித்தார். நான்தான் சுழி போட்டேன் என்று கடைக்குப் போகிற வரைக்கும் சொல்லவில்லை.

டைப்படிக்கிறவர், ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் அனுப்பியிருந்த அசலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார், இதைப் போட்டது யாரு என்று. நான்தான் அண்ணே என்றேன். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. டைப்படிக்கிறவர் மட்டும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சாமியக் கூப்பிடுறதா இருந்தா சீல் விழுகுறதுக்கு முந்திக் கூப்பிடணும் ஆத்தா. பெறகு வந்தாருன்னா அவரும் வெளியாளு."

மறுபடி முதலிலிருந்து அடித்தார். இந்தத் தடவை மேலே நடுவில் அவரே கம்ப்யூட்டரில் ஒரு சுழியைப் போட்டார். இதனால் வம்பு வராதா என்று கேட்டேன். இது இனிமேல் கடிதத்தோடு சேர்ந்தது, ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்றார். கேட்கவும் இல்லை.

இவர் ஸ்டாம்பு வாங்க வெளியே போயிருந்தபோது நான் தைரியமாக, எல்லாரிடமும் ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் அண்ணே என்றேன். அவர் பிரிண்டரில் தாளை அடுக்கிக்கொண்டே பேசினார். தன்னுடைய அப்பாவை ஒரு சமயம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்ப, இதே மாதிரி எழுதிக் கேட்டார்களாம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரும் எழுதிக் கொடுத்தாராம்.

"கையெழுத்துப் போட்டது நான். ஒன்பது வருசம் மலம் மூத்திரம் அள்ளுனது என் சம்சாரம். ஊரு பூரா என்னத்தான் நல்ல மகன்னு சொல்லுச்சு. அவ போயிட்டா. அவ பேரு எந்தத் தாள்லயும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். நெற்றியில் இருக்கிறது என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

என் தப்பால் கொழுந்தன் அந்த வார்டில் மூன்று வாரம் கூடுதலாக இருந்தான்.  திருச்சி விமான நிலையத்திலிருந்து இவர் கூட்டி வந்தபோது பாதியாக இருந்தான். நிலைப்படியில் நின்று, "மதினி, சோறு இருக்கா?" என்றான். திரும்பத் திரும்பக் கேட்காமல் ஒரு தடவைதான் கேட்டான்.

அதற்குப் பிறகு ஒரு நாள், பெரியவன் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று போய்விட்டு வந்ததில் மதிய மாத்திரையை மறந்துவிட்டேன். அன்றைக்குக் கொழுந்தன் என் கூடத்தான் வந்திருந்தான், மாத்திரை வீட்டில் இருந்துவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். பதறாதீர்கள், அடுத்த வேளைக்கு வழக்கம்போலக் கொடுங்கள் என்றுவிட்டார். எனக்கு அது போதவில்லை. எழுதிக் கொடுத்ததில் ஒரு வேளை தவறிப்போனதே, சட்டம் என்ன செய்யும், மஸ்கட்டுக்குத் தெரிவிக்க வேண்டுமா? அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்குப் போய் நின்றேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"மறந்தது யாரு?"

"நான்தாண்ணே."

"அப்ப நாளைக்கு மறக்காமக் குடுக்கப் போறதும் நீங்கதானே. போயிட்டு வாங்க."

இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கொழுந்தன் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

அந்தத் தையில் நான் நடக்கவில்லை. காவடிகள் போகிற ரோட்டில் ஒரு பானை நீர்மோரை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் கழுவினான். என் கூட நடக்கிறவர்கள் கடந்து போகும்போது, என்ன இந்த வருஷம் வரலையா என்று கேட்டுக்கொண்டே மோர் வாங்கிக் குடித்தார்கள். எல்லாரும் போன பிறகு அவன், "என்னாலயா மதினி நீங்க போகல?" என்று கேட்டான். உன்னால் இல்லையப்பா, தாளால் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவன் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

மூன்று வருஷம் போனது. டாக்டர் மாத்திரைகளைக் குறைத்துக்கொண்டே வந்து, ராத்திரி ஒன்று மட்டும் போதும், வேலைக்குப் போகலாம் என்றார். அவன் கம்பெனியில் விஷயம் தெரிந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். ஆனால் மாத்திரையை விடாமல் சாப்பிடுவான் என்று ஒரு உறுதிமொழிக் கடிதம் வேண்டும் என்றார்கள். இவருக்கு இப்போது கோபம் ஒன்றும் இல்லை. உன் கையெழுத்துதான் அங்கே தெரிந்த கையெழுத்து, நீயே போட்டுவிடு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு கோர்ட் சந்துக்குப் போனேன். பலகை அதேதான். உள்ளே வேறு ஆள். பழையவர் எங்கே என்று கேட்டதற்கு, ஒக்கூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் புது ஆள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஒருவர், இல்லை, தவறிப்போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றார். அவர் பேர் என்ன என்று கேட்டேன். இரண்டு பேரும் யோசித்தார்கள். டைப்பிங்காரர் என்றுதான் சொல்வோம் என்றார்கள். மேஜைமேல் அந்தப் பாதிப் பூ கல் மட்டும் இருந்தது.

புது ஆள் நல்ல வேகம். கம்ப்யூட்டரில் தயாராக ஒரு கடிதம் வைத்திருந்தார். பேரை மட்டும் கேட்டார், தட்டினார், எடுத்து நீட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தினமும் மாத்திரை சாப்பிட வைப்பேன் என்று என் பேரில் வந்திருந்தது. இங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினார். பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை போகவில்லை. யாராவது ஒன்று கேட்பார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

கொழுந்தன் கையைப் பார்த்தேன். இரும்பைப் பிடித்துப் பிடித்துக் காய்த்திருந்த கை இந்த மூன்று வருஷத்தில் மெத்தென்று ஆகியிருந்தது.

"அங்குட்டுப் போன பெறகு மாத்திரைய எடுத்துப் போடப் போறது யாருப்பா?" என்று கேட்டேன்.

அவன் என்னையே பார்த்தான். "நான்தான் மதினி."

"வேலை முடிஞ்சு அலுத்துப் போயி வருவ. அப்ப?"

தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு, அப்பவும் நான்தான் என்றான்.

என் பேரை எடுத்துவிட்டு இவன் பேரைப் போட்டுத் தாருங்கள் என்று புது ஆளிடம் சொன்னேன். குடும்பத்தார்தான் போடுவது வழக்கம் என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றி அடித்துக் கொடுத்தார். கம்பெனி ஏற்றுக்கொள்ளுமா என்று எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். கடிதத்தைக் கொழுந்தன் முன்னால் வைத்து, அந்தப் பாதிப் பூ கல்லை எடுத்து ஓரத்தில் பாரமாக வைத்தேன். அவன் பேனாவைத் திறந்தவன், கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போகாமல் நிமிர்ந்து பார்த்தான்.

"மதினி, மேல ஒண்ணும் போட வேண்டாமா?"

"போடுப்பா," என்றேன். "சீல் விழுகுறதுக்கு முந்திப் போட்டுரு."